சிசிலிக் குடியரசின் வாக்கில்லாத நிதி ஆலோசகர்

சிசிலித் தீவு என்றைக்காவது இத்தாலியிடமிருந்து பிரிந்து தனிநாடாகுமானால், அந்த நாட்டில் என்ன காசு புழங்கும் என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே எழுதப்பட்டாயிற்று. பலெர்மோவில், அல்பெர்கேரியாவின் ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றில், லிப்ற் இல்லாத வீட்டின் மூன்றாம் மாடியில், குசினி மேசை லாச்சிக்குள் அது பத்திரமாக இருக்கிறது. விடையைச் சொன்னவர் சங்கானைக் கோபாலசிங்கம், வயது ஐம்பத்துநாலு. தொழில், முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, மத்தியானம் நித்திரையாக்குவது. பொருளாதாரம் மிச்ச நேரத்தில்.

வரலாறு எழுதுகிறவர்கள் இப்படியான மனிதர்களைக் கவனியாமல் விடுவது வழக்கம். ஆகவே இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதியவரின் பெயர் கஸ்பாரே. ஊர் மரியாதைக்குத் தொன் கஸ்பாரே. முப்பத்துநாலு வருடம் தபாற்கந்தோரில் காசுக்கட்டளை எழுதும் யன்னலுக்குப் பின்னால் இருந்தவர். எண்பத்திரண்டாவது வயதில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. இடப்பக்கமும் வாயும் தப்பின. தப்பிய வாயை அவர் சிசிலி விடுதலைக்கே ஒப்படைத்தார். வியாழக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்கு அவருடைய குசினியில் குடியரசு கூடும். குடியரசு என்றால் நாலு பேர்: தொன் கஸ்பாரே, கீழே சலூன் வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி வாத்தியார் ஒருவர், சந்தையில் மீன்காரருக்கு ஐஸ் கொடுக்கிற ஒருவர். கொடி முடிவாகியிருந்தது. தேசிய கீதத்தில் இரண்டு வரி முடிவாகியிருந்தது. காசில் வந்து வண்டில் இறுகிவிட்டது.

"யூரோவையே வைச்சிருப்பம்" என்றார் வாத்தியார். "ரோமாபுரியிட்டை மரியாதையாக் கேட்டால் தருவாங்கள்தானே."

கோபாலசிங்கம் அப்போது கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். நாலாவது கோப்பைக்கு வந்தபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஐயாமார், ஒரு சொல்லுச் சொல்லட்டோ? பேச்சு மேசைக்குப் போகமுதலே 'உங்கடை காசு இல்லாமல் எங்களாலை இருக்கேலாது' எண்டு சொல்லிப்போட்டியள். பிறகு என்னத்தைப் பேசப் போறியள்? அவன் கோப்பியைக் குடிச்சிட்டு எழும்பிப் போவான்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய், கோபா?" என்று கேட்டார் தொன் கஸ்பாரே.

"எங்களுக்குச் சொந்தக் காசு இருக்கு எண்டு சொல்லுங்கோ. யூரோவைப் பற்றி வாயே திறவாதேங்கோ. நீங்கள் விட்டிட்டுப் போனால் தங்கடை யாவாரத்துக்கும் அடி எண்டு அவனுக்குத் தெரியும். அவன் வந்து கேக்கட்டும், 'தயவுசெய்து எங்கடை காசையே வைச்சிருங்கோ' எண்டு. தேவை உள்ளவன் முதல் கேக்கக் கூடாது. கேட்டால் அண்டைக்கே விலை விழுந்திடும்."

ஐஸ்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். சலூன்காரர், எந்தப் பல்கலைக்கழகம் என்று விசாரித்தார். சங்கானைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்று கோபாலசிங்கம் உண்மையைச் சொன்னார். அன்றைக்கே அவர் குடியரசின் நிதி ஆலோசகராக நியமிக்கப்பட்டார். குடியுரிமை இல்லாதபடியால் வாக்கு மட்டும் கிடையாது. இத்தாலியில் வாக்கில்லாதவர், ஊரில் வாக்காளர் இடாப்பில் பெயர் வெட்டப்பட்டவர், இன்னும் உண்டாகாத நாடொன்றிலும் வாக்கில்லாதவரானார். மூன்று நாடுகளில் இந்தத் தகைமை பெற்ற வேறொருவரை நமக்குத் தெரியாது.

இந்த அறிவு கோப்பிக் கேத்திலிலிருந்து வந்ததல்ல. ஊரில் யுத்தநிறுத்தச் சமாதான காலத்தில், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குப்பிள்ளையாக இருந்தபோது, கடை பூட்டியபின் அரிசி மூட்டைகளில் இருந்துகொண்டு எட்டுப் பேர் இதே கேள்வியைத்தான் உடைத்துப் பார்த்தார்கள். தனிநாடு வந்தால் எந்தக் காசு? கொழும்பு ரூபாயோ, இந்தியன் ரூபாயோ, சொந்தமாக ஒன்றோ? ஏழு பேர் 'முதல் நாடு வரட்டும், காசைப் பிறகு பாப்பம்' என்றார்கள். கோபாலசிங்கம் ஒருவர்தான், அடுத்தவன் காசை வைத்துக்கொண்டு வருகிற நாட்டின் திறப்பு அவன் இடுப்பில்தான் தொங்கும் என்று வாதாடினார். பிறகு 2009 வந்தது. கேள்விக்கு விடை தேவைப்படாமல் போயிற்று. அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் எங்கே என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. கோபாலசிங்கம் அடுத்த வருடம் புறப்பட்டார். மனைவி சந்திரமதி ஊரில். மகள் துசானிக்கு அப்போது மூன்றரை வயது.

அந்த மூன்றரை வயதைக் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். குடியரசின் விவகாரங்களுக்கிடையில் அது காணாமல் போய்விடக்கூடியது.

பலெர்மோவில் பத்து வருடம் கடதாசி இல்லாமல் இருந்தார். 2020இல் வீட்டுவேலை செய்பவர்களுக்கென்று அரசாங்கம் ஒரு கதவு திறந்தபோது, தொன் கஸ்பாரே வீட்டின் பெயரில் விண்ணப்பித்து, இரண்டு வருடம் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் நின்று, பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி எடுத்தார். அதோடு ஊருக்குப் போய் இருபத்தெட்டு நாள் மகளைப் பார்த்துவிட்டு வந்தார். முதல் பத்து நாளும் மகள் 'அப்பா' என்று கூப்பிடாமல், வந்தவர்களோடு கதைப்பதுபோலக் கதைத்தாள். பதினோராம் நாள், "அப்பா, உங்களுக்குக் கத்தரிக்காய் பிடிக்காதோ?" என்று கேட்டாள். அதை அவர் பலெர்மோவில் எல்லாருக்கும் சொன்னார்.

இனி விஷயம். பிள்ளையை இத்தாலிக்குக் கூப்பிடுவதென்றால் பதினெட்டு வயது முடிய முன்னர் விண்ணப்பிக்க வேண்டும். துசானிக்குப் பதினெட்டு, 2024 நவம்பர் 14. வீடு போதுமான அளவு என்ற கடதாசி கையில் இருந்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் மொழிபெயர்த்து முத்திரை குத்தி இருந்தது. குறைந்தது ஒன்றே ஒன்று, வருமானம். கோபாலசிங்கம் கிழமைக்கு ஐம்பது மணித்தியாலம் வேலை செய்தார். வேலை ஒப்பந்தத்தில் இருபத்தைந்துதான் எழுதியிருந்தது. அதை நாற்பதாக எழுதினால் போதும். பதினைந்து மணித்தியாலம். எழுத வேண்டியவர் தொன் கஸ்பாரே அல்ல. பக்கவாதத்துக்குப் பிறகு கையெழுத்தெல்லாம் மகள் ரொசல்பாவிடம் போய்விட்டது. ரொசல்பா இருபத்திரண்டு வருடமாக மிலானோவில், காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் வேலை. ஞாயிறு பதினொரு மணிக்குத் தகப்பனோடு பதினொரு நிமிடம் கதைப்பார். கெட்ட மனுசி இல்லை.

"அப்ப அந்த மனிசியிட்டைக் கேளுங்கோவன் சிங்கண்ணை" என்றான் றொஜர். மன்னார்ப் பெடியன், நாற்பதை எட்டுகிறவன், மொண்டெல்லோக் கடற்கரை உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவன். கோபாலசிங்கத்தோடு ஒரே வீட்டில் இருந்தவன், இப்போது அவர் குடும்பம் வரப்போகிறதென்று அறையைக் காலிபண்ணிக் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஒழுங்கைக்குப் போனவன். "சிசிலிக்காக ரோமாபுரியோடை மல்லுக்கு நிக்கிறியள். உங்கடை பதினைஞ்சு மணித்தியாலத்துக்கு ஒரு ரெலிபோன் எடுக்க ஏலாதோ?"

"கேக்கக் கூடாதடா றொஜர். கேட்டால் என்ர தேவை அவவுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சால் என்ன?"

"'உனக்கு வேணுமெண்டால் சம்பளத்தைக் குறை' எண்டுவா. இல்லாட்டி 'ஏலாது' எண்டுவா. ஏலாது எண்டு ஒருக்கால் வாயாலை வந்திட்டால் பிறகு திருப்பேலாது. ஆனா கிழவன் என்னைத் தவிர ஆரையும் குளிக்க வாக்க விடான். அது அவவுக்குத் தெரியும். என்னட்டைத்தான் பலம் இருக்கு. அவ கேப்பா."

"ரோமாபுரியும் கேக்கும், ஓம்" என்றான் றொஜர்.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். கோபாலசிங்கத்தின் கோட்பாடு பலித்தது. செப்டெம்பர் மாதம் ஒரு ஞாயிறு, பதினோராவது நிமிடத்தில், ரொசல்பா தகப்பனிடம் சொல்லித் தொலைபேசியைக் கோபாலசிங்கத்தின் கையில் கொடுக்கச் செய்தார்.

அவர் கேட்டதை இங்கே உள்ளபடியே எழுத வேண்டும். "கோபால், பப்பாவுக்கு இப்ப முந்தினதை விட உதவி தேவைப்படுது. ஒப்பந்தத்தை நாற்பது மணித்தியாலமா மாத்தலாம் எண்டு நினைச்சன். உனக்கு விருப்பமா?"

ரோமாபுரி கேட்டுவிட்டது. இனிச் செய்ய வேண்டியதெல்லாம் 'சீ' என்று, இத்தாலியனில் 'ஓம்' என்பதற்கான ஓரெழுத்தைச் சொல்வதுதான்.

ஆனால் யாழ்ப்பாணத்து மனிதரிடம் ஒன்றை நீட்டினால் முதலில் என்ன சொல்வார்? ஐந்து வருடத்துக்கு முன், இந்த வீட்டில் அவருடைய முதல் நாள், மத்திமீன் போட்ட பாஸ்தாவைக் காட்டித் தொன் கஸ்பாரே "சாப்பிடு" என்றார். "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டனான்" என்றார் கோபாலசிங்கம். முந்தின இரவிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "கொஞ்சம் சாப்பிடு." "பரவாயில்லை, வேண்டாம்." "சாப்பிடு எண்டுறன்." இரண்டு தட்டுச் சாப்பிட்டார். கிழவருக்கு அது புதினமாகவே படவில்லை. அவருடைய ஊரிலும் அப்படித்தான். இரண்டு தீவார் ஒருவரையொருவர் விளங்கிக்கொண்டது அன்றைக்குத்தான்.

"இல்லை, வேண்டாம் சிஞ்ஞோரா" என்றார் கோபாலசிங்கம் தொலைபேசியில். "இப்பிடியே பரவாயில்லை."

சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தார்.

"அப்பிடியோ? நல்லது, வேறை ஏதும் ஒழுங்கு பாக்கிறன்" என்றார் ரொசல்பா. தொலைபேசி நின்றுவிட்டது.

கோபாலசிங்கம் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கட்டிலில் இருந்த தொன் கஸ்பாரே கண்ணை மூடிக்கொண்டார். "இருபத்திரண்டு வருசமா மிலானோவிலை இருக்கிறாள், கோபா" என்றார். "அங்கை ஒருக்கால்தான் கேப்பாங்கள்."

அன்று பின்னேரம் சந்திரமதியிடம் நடந்ததைச் சொன்னார்.

"பொம்பிளை பாக்க வந்தண்டும் நீங்கள் தேத்தண்ணி வேண்டாம் எண்டுதானேப்பா சொன்னனீங்கள்" என்றார் சந்திரமதி. "அம்மா மூண்டு தரம் கேட்டவ. அவ ஒருக்காலோடை விட்டிருந்தால் அப்பவே எழும்பிப் போயிருப்பியள். எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும்." பிறகு குரலை இறக்கி, "இப்பவே அந்த மனிசிக்கு எடுங்கோ. எடுத்து 'ஓம்' எண்டு சொல்லுங்கோ" என்றார்.

எடுத்திருப்பார். இதை எழுதுகிறபோது அதை உறுதியாகச் சொல்லலாம். ஆனால் இடையில் வியாழக்கிழமை வந்துவிட்டது. தொன் கஸ்பாரே, நடந்தது தன் வீட்டில் என்பதால், விஷயத்தைக் குடியரசின் முன் வைத்தார். ஆலோசகர் மிலானோவுக்குத் தானாகத் தொலைபேசி எடுக்கலாமா?

"எடுக்கவே கூடாது" என்றார் வாத்தியார். "நீதானே சொன்னனீ, முதல் கேக்கிறவன் விலை விழுந்திடும் எண்டு."

"ஓம், ஆனால் இது…" என்று கோபாலசிங்கம் தொடங்கினார்.

"அவள் ஒருக்கால் வந்திட்டாள்" என்றார் சலூன்காரர். "திரும்பவும் வருவாள். வரேக்கை நாற்பத்தைஞ்சு மணித்தியாலத்தோடை வருவாள்."

"ஐயா, பிள்ளைக்கு நவம்பரிலை…"

"அதை மட்டும் அவளுக்குச் சொல்லிப்போடாதை" என்றார் ஐஸ்காரர், மிகுந்த அக்கறையோடு. "உன்ர கடைசி நாள் எது எண்டு எதிராளிக்குத் தெரியக் கூடாது. இதுவும் நீ சொன்னதுதான்."

இதுவும் அவர் சொன்னதுதான். குடியரசின் குறிப்புப் புத்தகத்தில் திகதியோடு இருந்தது. நாலு வாக்குகளால் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: ஆலோசகர் பொறுத்திருப்பார். ஆலோசகருக்கு வாக்கில்லை.

தொன் கஸ்பாரேயும் கையை உயர்த்தினார், இடக்கையை. பொறுத்திருப்பதில் அவருக்கும் அனுபவம் உண்டு. லீரா போய் யூரோ வந்தபோது, தபாற்கந்தோரிலேயே இருந்த மனிதர், தன் சேமிப்பில் ஒரு பகுதியை மாற்றாமல் வைத்திருந்தார். பத்து வருடம் அவகாசம் இருக்கிறது, முந்தி ஓடுகிறவன் பயந்தவன் என்றார். பத்தாவது வருடம் முடிய முன்னரே அரசாங்கம் கடைசி நாளை முன்னுக்கு இழுத்துப் பூட்டிவிட்டது. அந்த லீராத் தாள்கள் இப்போதும் குசினி லாச்சிக்குள், குடியரசின் தீர்மானங்களுக்குக் கீழே கிடக்கின்றன. நாலு பேரும் அதை ஒரு தோல்வியாகக் கருதுவதில்லை.

கோபாலசிங்கம் பொறுத்திருந்தார். செப்டெம்பர் ஞாயிறுகள் மூன்று, ஒக்டோபர் ஞாயிறுகள் மூன்று. பதினொரு மணிக்குத் தொலைபேசி அடிக்கும்போது கிழவரின் முகத்தை வழித்துக்கொண்டிருந்தாலும், சவர்க்காரக் கையோடு வந்து கட்டிலருகில் நிற்பார். ரொசல்பா தகப்பனோடு கதைத்துவிட்டு, "கோபாலுக்கு என்ர வணக்கம்" என்று வைத்துவிடுவார்.

"என்ன சிங்கண்ணை, எதிரி இறங்கி வாறானோ?" என்று றொஜர் முதல் இரண்டு கிழமையும் கேட்டான். மூன்றாவது கிழமை கேட்கவில்லை. நாலாவது கிழமை, "அண்ணை, நான் கதைக்கட்டே? என்ர இத்தாலியன் உங்கடையை விட மோசம், அவவுக்கு இரக்கம் வந்தாலும் வரும்" என்றான்.

ஒக்டோபர் இருபத்தோராம் திகதி, திங்கட்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கோபாலசிங்கம் திறந்தார். வெளியே புனிதமலர் நின்றார். பங்குக் கோவிலில் பூ வைக்கிற, பிரான்காச்சோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற புனிதமலர். கையில் ஏப்ரன் சுருட்டி வைத்திருந்தார்.

"அண்ணை, நீங்களோ இஞ்சை?" என்றார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்டும் தெரியாதண்ணை. அந்தச் சிஞ்ஞோரா எடுத்துக் கேட்டவ. பின்னேரத்தில கிழமைக்குப் பதினைஞ்சு மணித்தியாலம், இருக்கிற ஆளுக்கு விருப்பமில்லையாம் எண்டவ."

"எத்தினை தரம் கேட்டவ?"

"ஒருக்கால்தான். அவ கேட்டு முடியமுதலே நான் 'சீ' எண்டிட்டன்." புனிதமலர் பலெர்மோவுக்கு வந்து பதினெட்டு வருடம்.

அன்றைக்குத்தான் கோபாலசிங்கம் கோட்பாட்டை மீறினார். படிக்கட்டில் நின்று மிலானோவுக்குத் தொலைபேசி எடுத்தார். எல்லாவற்றையும் சொன்னார். மகள், திகதி, பதினைந்து மணித்தியாலம், ஒன்றையும் ஒளிக்கவில்லை. ரொசல்பா நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோபால், நான் உன்னட்டைக் கேட்டனானே" என்றார். கோபமாக அல்ல. "நீ வேண்டாம் எண்டனீ. உனக்கு மகள் இருக்கிறா எண்டே எனக்குத் தெரியாது. ஐஞ்சு வருசத்திலை ஒரு நாளும் நீ சொல்லேல்லையே." மற்ற ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, இரண்டு பேருக்கும் கட்டத் தன்னால் முடியாது, ஜனவரியில் திரும்ப யோசிக்கலாம் என்றார். ஜனவரியில் துசானிக்குப் பதினெட்டு வயதும் இரண்டு மாதமும்.

மேலே வந்தபோது புனிதமலர் ஏப்ரனைக் கட்டாமல் கதிரை நுனியில் இருந்தார். படிக்கட்டில் கதைத்தது முழுக்கக் கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணை, வேணுமெண்டால் நான் விட்டிடுறன்" என்றார்.

"சீச்சீ, வேண்டாம் பிள்ளை. நீர் வைச்சிரும்."

புனிதமலர் நிலத்தைப் பார்த்தார். டிசெம்பரில் அவருடைய பெர்மெசோ புதுப்பிக்க வேண்டியிருந்தது, அதற்கு இந்த மணித்தியாலங்கள் தேவைப்பட்டன. யாழ்ப்பாண முறைப்படி அவர் இன்னும் இரண்டு தரம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கோபாலசிங்கம் சொன்னது உபசாரத்துக்கா, மனதாரவா என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. கிழவரின் துவாய் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கமாகத் தூக்க வேண்டும், எந்த மாத்திரையைப் பாஸ்தாவுக்குள் ஒளிக்க வேண்டும் என்று அவர் புனிதமலருக்குக் காட்டிக் கொடுத்தார். கிழவர் கோபாலசிங்கத்தைத் தவிர ஒருவரையும் கிட்ட விடமாட்டார் என்ற பலம் மூன்று நாளில் முடிந்தது.

நவம்பர் ஏழாம் திகதி குடியரசு கூடியபோது ஆலோசகர் தாமாகவே எழுந்து நின்று, தம்முடைய பழைய ஆலோசனையைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். "ரோமாபுரி யூரோவைத் தாறன் எண்டு ஒருக்கால் சொன்னால், உடனே 'ஓம்' எண்டு சொல்லுங்கோ. இரண்டாந்தரம் கேப்பான் எண்டு இருக்காதேங்கோ. எங்களுக்கு இது தேவை, இது இல்லாமல் ஏலாது எண்டு மேசையிலை போட்டிடுங்கோ. மானம் போனால் போகட்டும்." வாத்தியார், இது சரணாகதி என்றார். நாலு வாக்குகளால் ஆலோசனை நிராகரிக்கப்பட்டது. தொன் கஸ்பாரே மட்டும் கையை அரைவாசிக்குத்தான் உயர்த்தினார். அதை வாக்காக எண்ணுவதா என்று கொஞ்ச நேரம் விவாதித்து, எண்ணினார்கள்.

மனைவியை மட்டும் இனியும் கூப்பிடலாம் என்று கடதாசி பார்க்கிற இடத்தில் சொன்னார்கள். "பெட்டையைத் தனிய விட்டிட்டு நான் அங்கை வந்து என்ன செய்ய?" என்றார் சந்திரமதி. அத்தோடு அந்தக் கதை முடிந்தது. றொஜர், காலிபண்ணிக் கொடுத்த அறைக்குத் தன் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தான்.

நவம்பர் 14. அதுவும் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் புனிதமலர் வந்தபின், கோபாலசிங்கம் பல்கனிக்குப் போய் ஊருக்கு எடுத்தார். அங்கே பின்னேரம் ஆறரை, கேக் வெட்டி முடிந்திருந்தது. துசானி புதுச் சட்டையோடு திரையில் வந்தாள். வாழ்த்தெல்லாம் சொல்லி முடித்தார். கீழே சந்தையில் யாரோ கத்தரிக்காய் விலை கூவிக்கொண்டிருந்தான்.

"அம்மாச்சி, வரக் கிடைக்கேல்லை எண்டு கவலையோ?" என்று கேட்டார்.

"இல்லையப்பா. பரவாயில்லை."

அவர் தகப்பன். அந்தப் 'பரவாயில்லை' எங்கே செய்யப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

"உண்மையாத்தானோ? கவலையில்லையோ?"

"சீச்சீ, இல்லையப்பா."

இன்னும் ஒரு தரம் கேட்க வேண்டும். மூன்றாந்தரம் கேட்டால்தான் உள்ளதைச் சொல்வாள், அவருடைய பிள்ளைதானே. கோபாலசிங்கம் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளின் முகத்தைப் பார்த்தபடி நின்றார். அவளும் கேள்விக்குக் காத்திருப்பவளைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியம்மா, அப்ப வைக்கட்டே?" என்றார்.